பழைய காரில் கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதுமா, ஆம்பும் கட்டாயமா?

கோபி வாய்க்கால்மேடு (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். 2016ஆம் ஆண்டு வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கவுந்தப்பாடி வழியாக ஈரோட்டுக்கு வாரத்தில் ஆறு நாள் போய் வருவதால், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது வண்டிக்குள் பாட்டுக் கேட்கிறேன். நான்கு கதவுகளிலும் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்பீக்கர்கள்தாம் இன்னும் இருக்கின்றன. தனி ட்வீட்டர் (மேல் சுருதிக்கான சிறு ஸ்பீக்கர்) கிடையாது. சில மாதங்களாக, தவில் ஓங்கி ஒலிக்கும் இடங்களில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு கரகரக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா உடன் வரும்போது பட்டிமன்றம் போடச் சொல்வார். பேச்சும் போர்வைக்குள் இருந்து வருவதைப் போலத்தான் கேட்கிறது.

இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஈரோட்டுக் கடைக்காரர் நான்கு கதவுக்கும் கோஆக்ஸியல் ஸ்பீக்கர் (ட்வீட்டர் நடுவிலேயே பொருத்தியது) போட 7,500 ரூபாய் ஆகும், அரை நாள் வேலை என்றார். கோவைக் கடைக்காரரோ, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் தனிப் பெட்டி) இல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்று சொல்லி, முன்கதவுக்குக் காம்பொனென்ட் செட் (ட்வீட்டர் தனியாக வருவது), நான்கு சானல் ஆம்ப், டாம்பிங் (கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க ஷீட் ஒட்டுவது) எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அவர் காட்டிய ஸ்பீக்கர் பெட்டியில் 300 வாட் என்று போட்டிருந்தது. என் ஸ்டீரியோவில் 50 வாட் × 4 என்று ஒட்டியிருக்கிறது. 50 வாட்டை வைத்து 300 வாட் ஸ்பீக்கரை ஓட்ட முடியுமா? வயரை வெட்டாமல் மாற்ற வழி உண்டா? விசைத்தறிக் கூடத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்பதால் ஸ்பேனரும் மல்டிமீட்டரும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் கார்க் கதவை இதுவரை கழற்றியதில்லை.

பீளமேடு சர்க்யூட்:

வணக்கம்ங்க. அந்த இரண்டு எண்களையுமே முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் 300 வாட், கணநேரத் தாக்குதலை ஸ்பீக்கர் எரியாமல் தாங்கும் உச்சவரம்பு. அது வெளியிடும் ஒலியின் அளவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஸ்டீரியோவில் ஒட்டியிருக்கும் 50 வாட் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது வண்டியில் ஏறத்தாழ 14.4 வோல்ட் இருக்கும். அதை வர்க்கப்படுத்தி 4 ஓமால் வகுத்தால் 51.8 வரும். அதாவது, பாட்டு சதுர அலையாகச் சிதைந்து கத்தும் நிலையில் கிடைக்கும் எண் அது. சிதையாத ஒலி வேண்டுமென்றால், உள்ளே நடக்கும் இழப்புப் போக ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வது சுமார் 9 வோல்ட் ஆர்.எம்.எஸ். (ஏறி இறங்கும் வோல்டேஜின் பயனுறு அளவு) மட்டும்தான், ஒன்பதை ஒன்பதால் பெருக்கி நான்கால் வகுத்தால் 20 வாட். விலை எவ்வளவு கொடுத்து வாங்கிய ஸ்டீரியோவாக இருந்தாலும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக இயங்கும்வரை 4 ஓமில் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. தனி ஆம்புக்குள் வோல்டேஜை உயர்த்தும் பகுதி ஒன்று இருப்பதால்தான் அது கூடுதல் வாட் தருகிறது.

ஆகவே உங்கள் கையில் இருப்பது சானலுக்கு 20 வாட். அதை வீணாக்காத ஸ்பீக்கரைத் தேடுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் டெசிபலில் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த ஒலி அளவு அது. 3 டெசிபல் கூடினால், அதே ஒலியைப் பாதி மின்சாரத்தில் பெறலாம். 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் கிடைக்கும் ஒலியை 88 டெசிபல் ஸ்பீக்கரிலிருந்து எடுக்க 40 வாட் வேண்டும். கம்பெனி ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு மிகவும் லேசானது, குறைந்த மின்சாரத்திலேயே நன்றாகக் கத்தும். அதை எடுத்துவிட்டு, ஆம்பை நம்பி வடிவமைத்த கனமான கூம்புள்ள ஸ்பீக்கரைப் போட்டவர்கள்தாம் ‘பணம் கொடுத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்’ என்று புலம்புகிறார்கள். கோவைக் கடைக்காரர் சொன்னது, அவர் காட்டிய அந்தச் செட்டைப் பொறுத்தவரை உண்மைதான். எல்லா ஸ்பீக்கருக்கும் அது பொருந்தாது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. சிலர் ஒரு வாட்டுக்கு அளக்காமல் 2.83 வோல்ட்டுக்கு அளந்து எழுதுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே இரண்டு வாட் ஆகிவிடும். அப்படி எழுதிய 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டு மற்றதோடு ஒப்பிடுங்கள்.

வாங்குவதற்கு முன், பழைய ஸ்பீக்கரின் கப்ளரை (வயரை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிடுங்கள். 3.2 முதல் 3.7 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். இரண்டுக்குக் கீழே காட்டினால் 2 ஓம் ரகம். அதன் இடத்தில் 4 ஓம் போட்டால் கிடைக்கும் மின்சாரம் பாதியாகக் குறையும். 4 ஓமுக்கென்று செய்த ஸ்டீரியோவில் 2 ஓம் ஸ்பீக்கரைப் போடுவது அதைவிட மோசம், உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐ.சி. சிப் சூடேறி அணைந்து போகும்.

நான்கு கதவுக்கும் பணத்தைப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதே 7,500 ரூபாயை முன்கதவு இரண்டில் மட்டும் போடுங்கள். பின்னால் இருப்பவை அப்படியே பாடிக்கொண்டிருக்கட்டும்.

கரூர் பட்டறை:

தம்பி, பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். கொங்கு நாட்டுத் தனியார் பேருந்துகளில் பாட்டு எப்படிக் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஸ்பீக்கர்களைப் பொருத்துகிற கைகளில் என் கையும் ஒன்று. பீளமேட்டு நண்பர் மின்சாரக் கணக்கை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காசில் பாதி அங்கேதான் வீணாகும் அல்லது மிச்சமாகும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மேல் சுருதியில் அலையின் நீளம் சில சென்டிமீட்டர்தான் என்பதால் இது பெரிதாகத் தெரியாது. தவில், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார் ஆகியவை இருக்கும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், அது கதவின் ஓட்டை வழியாகச் சுலபமாக வளைந்து முன்பக்கம் வந்து சேரும். டோர் பேடை (கதவின் உட்புற உறையை) கழற்றிப் பாருங்கள், உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். நீங்கள் எந்த நாட்டு ஸ்பீக்கரை வாங்கி மாட்டினாலும், அந்த ஓட்டைகளை அடைக்காதவரை அடிச்சத்தம் காலுக்கடியிலேயே கரைந்துவிடும்.

எனவே, அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் (ரப்பர் வகை) டாம்பிங் ஷீட் வாங்குங்கள். வெளித்தகட்டை முழுவதுமாக மூட வேண்டியதில்லை. விரலால் தட்டினால் தகர டப்பா போல ஒலிக்கும் நடுப்பகுதியில், மொத்தப் பரப்பில் கால்பங்கு அளவுக்கு ஒட்டினாலே அதிர்வு அடங்கிவிடும். மீதி ஷீட்டை உள்தகட்டு ஓட்டைகளை முழுமையாக அடைக்கப் பயன்படுத்துங்கள். பெரிய ஓட்டைக்கு முதலில் ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி வைத்து, அதன் மேல் ஷீட்டை ஒட்டினால்தான் அது கூம்போடு சேர்ந்து மூச்சு விடாமல் இருக்கும். ஒட்டுகிற இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று தார் கலந்த ஷீட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கரூர் பரமத்தி வெயில் எப்படிப்பட்டது என்று வானிலைச் செய்தி கேட்பவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவுக்குள் தார் ஷீட் உருகி அடியில் குவிந்து கிடந்ததை நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். நாற்றம் ஒரு வாரம் கையை விட்டுப் போகவில்லை.

கதவின் அடிவிளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றை எக்காரணத்தைக் கொண்டும் மூடக்கூடாது. கண்ணாடியின் வெளிப்பட்டை வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது வண்டியின் கோளாறு அல்ல, அமைப்பே அதுதான். இறங்கிய நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில வண்டிகளில் மோதலை அறியும் அழுத்த உணரி முன்கதவுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் அதன் மேல் ஷீட் ஒட்டாதீர்கள், கதவில் புதிய ஓட்டையும் போடாதீர்கள். எந்த வண்டியானாலும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குவது நல்லது.

கரகரப்புக்குக் காரணம் ஸ்பீக்கர்தான் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பூட்டிலிருந்து கைப்பிடிக்குப் போகும் கம்பி, தகட்டில் மோதினாலும் இதே சத்தம்தான் வரும். கதவைத் திறந்ததும் அந்தக் கம்பிக்குத் துணி டேப் சுற்றிவிட்டு ஒருமுறை பாட்டுப் போட்டுக் கேளுங்கள். கம்பி ஓசைப்படுகிறது என்பதற்காக நல்ல ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனைமலைக் காற்று:

அண்ணன் சொன்னதோடு, நான் செய்த தவறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கூடும் அதன் வளையமும் ஒரே வார்ப்பாக இருந்ததால், புதிய ஸ்பீக்கருக்குத் தனி வளையம் தேவைப்பட்டது. கடையில் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிக் கொடுத்தார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து வந்த ஒரே வருடத்தில், அந்த வளையம் ஊறிப்போன ரஸ்க் போல உப்பி, திருகெல்லாம் கழன்றுவிட்டது. அடுத்த முறை, சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகையை வாங்கி, கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்து 12 மி.மீ. வளையமாகக் கடைந்து வாங்கினேன். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

கப்ளர் விஷயத்தில் அச்சம் வேண்டாம். உங்கள் வண்டிக்கான ஸ்பீக்கர் கப்ளர் தனியாக விற்கிறார்கள். அதன் மறுமுனையைப் புதிய ஸ்பீக்கரில் இணைத்துவிட்டால் ஒரிஜினல் வயரில் கத்தரி படாது. பழைய ஸ்பீக்கரையும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

கோபி வாய்க்கால்மேடு:

மூவருக்கும் நன்றி. நேற்று ஓட்டுநர் பக்க டோர் பேடைக் கழற்றினேன். இரண்டு கிளிப் உடைந்தன. பழைய ஸ்பீக்கர் ரிவெட்டில் இருந்தது. டிரில் போட்டு எடுத்தேன். காந்தம் ஒரு தட்டுவடை அளவுகூட இல்லை. கூம்பைச் சுற்றியுள்ள வளைவு ஓரிடத்தில் இரண்டு அங்குலம் கிழிந்திருக்கிறது. ஆனாலும் கரூர் அண்ணன் சொன்னபடி கம்பிக்கு டேப் சுற்றியதும் கரகரப்பில் ஒரு பகுதி குறைந்தது, ஆகக் குற்றவாளிகள் இருவர். மல்டிமீட்டர் 3.5 ஓம் காட்டியது. கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிட்டு அளந்தால், தகட்டிலிருந்து கண்ணாடிவரை 55 மி.மீ. இடம் இருக்கிறது. நான் பார்த்து வைத்திருக்கும் 6.5 அங்குலக் கோஆக்ஸியலின் ஆழம் 61 மி.மீ. 12 மி.மீ. வளையம் போட்டால் கண்ணாடியில் படாது என்று நினைக்கிறேன். சரிதானா?

ஆனைமலைக் காற்று:

பின்பக்கம் சரிதான், 6 மி.மீ. மிச்சம் இருக்கும். ஆனால் வளையத்தால் ஸ்பீக்கர் முன்னால் தள்ளி வருவதை மறந்துவிடாதீர்கள். கோஆக்ஸியலின் நடுவில் இருக்கும் ட்வீட்டர் கூம்பைவிட உயர்ந்து நிற்கும். அது டோர் பேடின் சல்லடையில் முட்டலாம். ட்வீட்டர் தலையில் கோதுமை மாவு உருண்டை ஒன்றை வைத்து, பேடை மாட்டி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். உருண்டை எவ்வளவு தடிமனாக மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் இடைவெளி. 4 மி.மீ.க்குக் கீழே என்றால் மெல்லிய வளையம் போடுங்கள்.

நொய்யல் கரை (திருப்பூர்):

நான் சற்று மாறுபடுகிறேன். ஆம்ப் வேண்டாம் என்ற பக்கமே எல்லோரும் சாய்கிறீர்கள். நானும் முதலில் ஸ்பீக்கரையும் டாம்பிங்கையும் மட்டும் செய்தேன். ஊருக்குள் ஓட்டும்போது அருமையாக இருந்தது. அவிநாசிக்கு அப்பால் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால், டயர் இரைச்சலும் காற்றும் அடிச்சத்தத்தை விழுங்கிவிட, நான் வால்யூமைக் கூட்ட, 20 வாட் அங்கேயே தீர்ந்துபோய்ச் சிதைந்த ஒலி வர ஆரம்பித்தது. ஒலி சிதையும்போது அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத மேல் சுருதிகள் உருவாகி ட்வீட்டருக்குப் போகின்றன. ஒரு ட்வீட்டர் எரிந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. வாட் அதிகமானால்தான் ஸ்பீக்கர் எரியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். குறைந்த வாட்டைக் கசக்கிப் பிழிந்தாலும் எரியும்.

பிறகு ஆர்.எம்.எஸ். 50 வாட் தரும் நான்கு சானல் ஆம்ப் ஒன்றைப் போட்டேன். ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்ததால் ஸ்டீரியோவை மாற்ற வேண்டி வரவில்லை. பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எனக்குப் பொருத்தியவர் அதை ஆம்புக்கு அருகில் வைத்திருந்தார், நான்தான் சொல்லி மாற்ற வைத்தேன். வயர் முழுச் செம்பா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்பதை முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதை வைக்கும் கெயின் திருகியைக் காதால் கேட்டு வைக்காதீர்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பை ஓடவிட்டு, ஆம்பின் வெளிமுனையில் ஏ.சி. வோல்ட் அளக்க வேண்டும். 50 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1, மீட்டர் அந்த எண்ணைக் காட்டும் இடத்தில் திருகியை நிறுத்துங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை பாஸ் வடிகட்டியையும் போட்டுவிட்டால் கதவு ஸ்பீக்கர் திணறாது.

பீளமேடு சர்க்யூட்:

திருப்பூர் சகோதரி சொல்வதை ஏற்கிறேன். என் வாதம் ஆம்ப் கூடாது என்பதல்ல, வரிசை பற்றியது. முதலில் கதவு, அடுத்து ஸ்பீக்கர், தேவைப்பட்டால் ஆம்ப். கவுந்தப்பாடிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகம் போகக் கோபி நண்பருக்கு வழியும் இல்லை.

கோபி நண்பருக்கு ஒன்று: வயரின் பிளஸ், மைனஸ் குறியைப் பழைய ஸ்பீக்கரைத் தூக்கி எறிவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 1.5 வோல்ட் பென்சில் செல்லைப் பழைய ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டால், எந்த முனையில் செல்லின் பிளஸ் படும்போது கூம்பு வெளியே தள்ளுகிறதோ அதுதான் பிளஸ். ஒரு கதவில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால், வலது கூம்பு தள்ளும்போது இடது கூம்பு இழுக்கும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மிதக்கும், தவில் காணாமல் போகும். பேலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்பும்போது அடிச்சத்தம் கூடினால் உடனே குறியைச் சரிபாருங்கள்.

கோபி வாய்க்கால்மேடு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முன்கதவு இரண்டையும் நானே முடித்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. 92 டெசிபல் என்று எழுதியிருந்த கோஆக்ஸியல் ஒரு ஜோடி 4,200 ரூபாய்; 2.83 வோல்ட் என்ற குறிப்பும் கூடவே இருந்ததால் அதை 89 என்று எடுத்துக்கொண்டேன். டாம்பிங் ஷீட்டுக்கு 3,100 ரூபாய், வளையம், கப்ளர், உடைந்த கிளிப்புகளுக்கு 700 ரூபாய் என மொத்தம் 8,000 ரூபாய் ஆயிற்று. மாவு உருண்டை 5 மி.மீ. மிஞ்சியது. முதல் ஞாயிறன்று ஓட்டைகளை அடைக்காமல் ஸ்பீக்கரை மட்டும் மாட்டிக் கேட்டேன், பேச்சு தெளிவானதே தவிர அடிச்சத்தத்தில் பெரிய மாற்றமில்லை. ஓட்டைகளை அடைத்துவிட்டு அதே பாட்டைப் போட்டபோதுதான் தவில் தவிலாகக் கேட்டது. கதவைச் சாத்தும் சத்தமும் கனத்துவிட்டது. ஆம்பை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை: இப்போது அடிச்சத்தம் கூடியிருப்பதால் வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஏதோ ரீங்காரம் கேட்கிறது. பின்கதவுகளையும் திறந்து ஷீட் ஒட்டிவிடலாமா?

கரூர் பட்டறை:

திறக்காதீர்கள் தம்பி. செல்போனிலிருந்து ஸ்டீரியோ வழியாக 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு, இன்னொருவரைப் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வோர் இடமாகக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கியின் மேல்தட்டும் நம்பர் பிளேட்டும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். நம்பர் பிளேட் என்றால், அதன் பின்னால் நான்கு மூலையிலும் இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கிவிடும். ஃபேடரையும் (முன், பின் ஸ்பீக்கர்களின் ஒலியைப் பங்கிடும் அமைப்பையும்) இரண்டு மூன்று படி முன்னால் தள்ளி வையுங்கள்.